மேசைக்கும் ஏஜென்சி

டொமினிக்கன் குடியரசின் புன்டா கானாவுக்குப் போய்வந்த நம்மவர் யாரையாவது பிடித்து, கடல் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். "கடலை விடுங்கோ அண்ணை, கடைசி நாள்வரைக்கும் அந்த ஜப்பான் சாப்பாட்டுக்கடையில மேசை கிடைக்கேல்லை" என்பார். முகத்தில் அப்படியொரு துக்கம். செத்தவீட்டுக்குப் போய்வந்தவர்கூட இவ்வளவு வாடியிருக்க மாட்டார்.

மொன்றியலில், தை மாதத்துப் பியர்பொன்ட்ஸைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பயணத்தின் அருமை தெரியும். ஆறு உறைந்துபோய்க் கிடக்கும். கப் சென் ஜாக் பூங்காவில், ஆறும் ஏரியும் சேருமிடத்தில், நாங்கள் பெருமையாக 'பீச்' என்று சொல்லிக்கொள்ளும் ஒரு துண்டு மணல் உண்டு. அது பனிக்குக் கீழே காணாமல் போயிருக்கும். விடியப்புறம் கார்க் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி விரல் மரத்தவன், நாலு மணித்தியாலம் பறந்தால் தென்னை மரம் பார்க்கலாம் என்றால் ஏன் போகமாட்டான்? ஓவர்டைம் செய்து மிச்சம் பிடித்த காசைக் கட்டிப் போகிறான். 'ஓல் இன்குளூசிவ்'. விமானம், அறை, சாப்பாடு, குடிவகை எல்லாம் ஒரே விலைக்குள் அடக்கம். அங்கே இறங்கிக் கையில் பட்டி கட்டிய பிறகுதான் எதெது அடங்காது என்ற பட்டியல் வெளியே வரும்.

முறை இதுதான். பஃபே எல்லாருக்கும் பொது. எவ்வளவும் அள்ளலாம், எப்போதும் அள்ளலாம், ஆகையால் அதற்கு மரியாதை கிடையாது. மரியாதை உள்ள சாப்பாடு வேறு கட்டடங்களில் இருக்கிறது: இத்தாலிக்காரன், ஜப்பான்காரன், மாட்டிறைச்சிக்கு ஒன்று, கடலுணவுக்கு ஒன்று. அங்கே இருந்து சாப்பிட முன்பதிவு வேண்டும். எத்தனை இரவு தங்குகிறீர்களோ அதற்கேற்ப இத்தனை தடவைதான் என்று கணக்கு. ஆண்கள் நீளக் காற்சட்டை போடவேண்டும், விரல் தெரிகிற செருப்பு ஆகாது. கையில் கட்டிய பட்டியின் நிறம் பொன்னிறம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் தளரும். உங்களுக்குத் தனிக் கடற்கரைத் துண்டு, தனிக் கதிரை, தனிச் சிரிப்பு. மற்ற நிறக்காரர் விடிய எழும்பி கியூவில் நிற்கலாம். இப்போது சில இடங்களில் கியூ கைத்தொலைபேசிக்குள் போய்விட்டது. செயலி திறக்கிற நிமிடத்திலேயே எல்லாம் நிரம்பி, பின்னேரம் ஐந்தரையும் இரவு பத்தும் மட்டும் மிச்சமிருக்கும். ஐந்தரைக்குப் பசிக்காது. பத்துக்குப் பிள்ளை நித்திரை.

அப்படியொரு விடுதியில் (பெயர் வேண்டாம்) காலை ஏழு மணிக்கு முன்னரே முகப்பு மண்டபத்தில் கண்டதைச் சொல்கிறேன். மேசை கொடுக்கிற பெண் இன்னும் வரவில்லை. அவளுடைய வெறும் கதிரைக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல். குளியலங்கியோடு வந்த ஒருவர், நேற்றைய குடி இன்னும் தெளியாத இரண்டு பேர், தூங்கிவழியும் பிள்ளையைத் தோளில் போட்ட தகப்பன். நடுவிலே நம் வடமராட்சி அம்மா ஒருவர், பருத்திச் சேலையும் மேலே கம்பளிச் சட்டையுமாக. முன்னும் பின்னும் எட்டிப் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டார்: "என்னடா இது, பாண் கியூ மாதிரியெல்லோ கிடக்கு?" இலங்கையில் சிறிமாவோ ஆட்சிக் காலத்தில், எழுபதுகளின் நடுவில், விடியமுன் பாணுக்கு நின்ற தலைமுறை. அன்றைக்கு மாவு இல்லை, அதனால் கியூ. இங்கே பத்து யார் தள்ளிப் பஃபேயில் பாண் மலையாகக் குவிந்து கிடக்கிறது, அதுவும் ஏழு வகை. பஞ்சமே இல்லாத இடத்தில் காசு கொடுத்து ஒரு பஞ்சத்தை வாங்கி, அதில் நிற்கிறோம். மகன் சொன்னான்: "அம்மா, சும்மா இருங்கோ, ஆக்கள் பார்க்கினம்." கடைசியில் கிடைத்தது ஒன்பதே முக்கால். "அந்த நேரம் நான் குளிசை போட்டிட்டுப் படுத்திடுவன்" என்றார் அம்மா. அவன் அதையே எடுத்தான். எடுத்த கையோடு படமும் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான்.

இந்த 'ஓல் இன்குளூசிவ்' வியாபாரத்தின் பிறப்பைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். 1950 இல் ஜெரார் பிளிட்ஸ் என்கிற பெல்ஜியக்காரர் ஸ்பெயினின் மயோர்காத் தீவில் கூடாரம் அடித்துத் தொடங்கியது கிளப் மெட். யுத்தம் முடிந்து களைத்திருந்த சனத்துக்கு ஒரு விலையில் கடலும் சாப்பாடும். பாரில் காசுக்குப் பதில் மணிகள். முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையைச் சுற்றி இருந்து சாப்பிட்டார்கள். உத்தியோகம் கேட்கக் கூடாது, அந்தஸ்துக் காட்டக் கூடாது என்பதுதான் அங்கே விற்ற சரக்கு. அதே யோசனையின் பேரப்பிள்ளைதான் இன்றைக்கு மணிக்கட்டில் நிறம் பார்த்துக் கதவு திறக்கிறது.

புன்டா கானாவே 1969 வரை பற்றைக்காடு. நியூயோர்க்கின் தொழிற்தகராறு வழக்கறிஞர் தியோடர் கீலும் டொமினிக்கன் வியாபாரி பிராங்க் ரைனியேரியும் சேர்ந்து வளைத்துப்போட்டது. 1971 இல் முதல் விடுதி. பிறகு தங்களுக்கென்றே ஒரு விமான நிலையம். இன்றைக்கு அந்தக் கரையெங்கும் கொங்கிரீட். அந்தக் கொங்கிரீட்டைக் குழைத்தவர்களில் பெரும் பங்கு ஹெயிட்டிக்காரர். 2024 ஒக்டோபரில் டொமினிக்கன் அரசு வாரத்துக்கு 10,000 பேர் வரை நாடு கடத்தப்போகிறோம் என்று அறிவித்து, கம்பி அடித்த லொறிகளில் அவர்களை எல்லைக்கு ஏற்றத் தொடங்கியது. கடலுணவுக்கடையின் சுவரைக் கட்டியவன் லொறியில் போகிறான்; அந்தச் சுவருக்குள் சன்னலோர மேசை கிடைக்கவில்லை என்று நாங்கள் முகாமையாளரைக் கூப்பிட்டுச் சண்டை பிடிக்கிறோம். நாங்கள்! அகதி என்று எழுதிக்கொடுத்து இந்தக் கண்டத்துக்கு வந்த நாங்கள்.

சரி, கடற்கரையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம். மொன்றியலில் மட்டும் என்ன வாழுகிறது?

2025 ஜூலை 17 முதல் கியூபெக்கில் ஒரு புது விதி. மேசை புக் பண்ணிவிட்டுப் போகாமல் விட்டால் தலைக்கு 10 டொலர் வரை தண்டம் அறவிடலாம். அதற்குமுன் இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. இப்போது கடைக்காரர் முன்கூட்டியே நினைவூட்டல் அனுப்பவேண்டும், மூன்று மணித்தியாலத்துக்கு முன்வரை நீங்கள் ரத்துச் செய்யலாம், அதன் பிறகு கார்டில் கை வைப்பார்கள். சாப்பாட்டுக்கடைக்காரரின் வயிற்றெரிச்சலை நான் மறுக்கவில்லை. சமைத்து வைத்துக்கொண்டு வெறும் கதிரையைப் பார்த்திருப்பது கொடுமை. அதிலும் நம் சனத்தின் கைங்கரியம் பெரியது. ஒரே இரவுக்கு மூன்று கடைகளில் பதிந்து வைப்பார்கள், கடைசி நேரத்தில் மூத்த மருமகனுக்கு எதில் பிரியமோ அங்கே போவார்கள். மற்ற இரண்டு கடைக்கும் ஒரு தொலைபேசி அழைப்புக் கிடையாது. பிறந்தநாளுக்கு இருபத்தைந்து பேர் என்று சொல்லி நாற்பது பேராக, ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்திறங்கி, "கொஞ்சம் நெருக்கி இருத்துங்கோவன்" என்பார்கள். இவர்களுக்குத் தலைக்கு 10 டொலர் காணாது என்று சொன்னாலும் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

ஆனால் தண்டம் யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். ஷிப்ட் திடீரென்று மாறியதால் வரமுடியாமல் போன தாதிக்கு விழும். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தகப்பனுக்கு விழும். மேசையையே கொள்ளையடிக்கிறவனுக்கு விழாது. அவன் மேசைக்காரன் அல்ல, வாசல்காரன். ஓப்பன்டேபிள் என்கிற முன்பதிவு நிறுவனத்தை, விமானச் சீட்டும் ஹோட்டல் அறையும் விற்கிற பிரைஸ்லைன் குழுமம் 2014 இல் 260 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. ரெசி என்கிறதை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019 இல் வாங்கியது. அது காணாதென்று 2024 இல் டொக் என்பதையும் 40 கோடி டொலருக்கு விழுங்கியது. கிரெடிட் கார்ட் கொம்பனிக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டலில் திடீரென்று என்ன ஆசை? ஆசை இறைச்சியில் இல்லை, கதவில். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் கட்டணம் கட்டி எடுக்கிற உலோகக் கார்ட்காரனுக்கு நல்ல நேரத்து மேசைகள் ஒதுக்கப்பட்டு நிற்கும். மிஞ்சியதுதான் உங்கள் திரையில் ஐந்தரையாகவும் பத்தாகவும் தெரிகிறது. கடை நிரம்பிவிட்டது என்று திரை சொல்லும். அதை நம்பி வீட்டில் இருந்து தோசை சுட்டுச் சாப்பிடுவோம். அந்த நேரம் அங்கே வெறும் கதிரைகள் உலோகக் கார்ட்டைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கும்.

நியூயோர்க்கில் இது முற்றிப்போய்க் கள்ளச்சந்தையாகவே நடந்தது. கணினி நிரல்களை ஏவி மேசைகளை அள்ளிப் பதுக்குவார்கள், பிறகு நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்பார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் இப்படி ஒரே வருடத்தில் 70,000 டொலர் உழைத்ததாக 2024 இல் பத்திரிகையில் வந்தது. சமைக்கவில்லை, பரிமாறவில்லை, ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை. அந்த வருட முடிவில் நியூயோர்க் மாநிலம் அதற்கெதிராகச் சட்டம் போட்டது. கடையோடு ஒப்பந்தம் இல்லாமல் மேசை விற்கக் கூடாது, மீறினால் நாளுக்கு 1,000 டொலர் வரை தண்டம். கியூபெக் பிடித்ததோ போகாமல் விட்டவனின் 10 டொலரை.

எங்களுக்கு இந்த வியாபாரம் புரியாததல்ல. கொழும்பில், வெளிநாட்டுக்கு ஆளனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டிய இனம். மொஸ்கோவில் ஒரு அறைக்குள் இருபது பேராக அடைந்து கிடந்து, ஏஜென்சிக்காரன் "நாளைக்கு, நாளைக்கு" என்று சொன்னதை மாதக்கணக்கில் நம்பியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். பெயரை மாற்று, படத்தை மாற்று, கேட்டால் இப்படிச் சொல்லு, காற்சட்டையை ஒழுங்காகப் போடு. உயிர் தப்ப அதைச் செய்தோம், அதில் வெட்கமில்லை. இப்போது ஒரு தட்டு மீனுக்கு அதையே செய்கிறோம். எனக்குத் தெரிந்த சிவசம்பு மேசை புக் பண்ணும்போது 'சாம்' ஆகிறார். அகதி விண்ணப்பத்தில்கூட முழுப் பெயரைத் துணிந்து எழுதிய மனிதர்! "தம்பி ஒருத்தன் இருக்கிறான், அவனிட்டச் சொன்னால் எந்தக் கடையிலயும் எடுத்துத் தருவான், அம்பது டொலர் குடுத்தால் போதும்" என்று கோயில் மடப்பள்ளி வாசலில் நின்று ரகசியம் பேசுகிறார்கள். உள்ளே, அந்த மடப்பள்ளியிலே, யார் எவர் என்று கேளாமல் அன்னதானம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இருந்து சாப்பிட்டதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

காசுக்கு விற்கிற கடையும் வாசல்காரன் இல்லாமல் நடக்கும்: மொன்றியலின் சென் லோரன் தெருவில் ஷ்வார்ட்ஸ் இருக்கிறது. 1928 இல் தொடங்கிய யூதர் இறைச்சிக்கடை. 2012 முதல் பாடகி செலின் டியோன் அதன் பங்காளிகளில் ஒருவர். முன்பதிவு கிடையாது. தெருவில் நிற்கவேண்டும், உள்ளே முன்பின் தெரியாதவனின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்து தின்னவேண்டும். நூறு வருடத்தை எட்டப்போகிறது, கடை மூடிப்போகவில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் தப்ப முடியாது. யாழ்ப்பாணத்தில் நாலு நாள் நின்று வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது என்று தெற்கே, காலிப் பக்கம், உனவட்டுனவுக்கு ஓடுகிறோம். அந்தக் கடற்கரையில் 2024 மாசியில் ரஷ்யர்கள் சிலர் ஒரு 'வெள்ளை விருந்து' அறிவித்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்டுவரச் சொன்னதோடு நிற்கவில்லை. வாசலில் முகம் பார்ப்போம், முகமும் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று விளம்பரத்திலேயே போட்டார்கள். இலங்கையில். நாடு கொதித்தது, விருந்து ரத்தானது. நீண்டகாலம் தங்கியிருந்த ரஷ்யருக்கும் உக்ரேனியருக்கும் விசா நீடிப்பை நிறுத்துகிறோம் என்று அரசு துள்ளி எழும்பியது. பியர்பொன்ட்ஸிலும் கொதித்தார்கள். "எங்கட நாட்டில, எங்கட கடற்கரையில, எங்களுக்கே இடமில்லையோ?" நல்ல கேள்வி. அதைக் கேட்ட வாய்கள் எவையென்று பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு எரிந்தது.

ஏனென்றால் முகம் பார்த்துக் கதிரை கொடுக்கிற வித்தையை ரஷ்யன் வந்து எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் அதை முழுத் திறமையோடு நடத்தியவர்கள் நாங்கள். சாதி பார்த்துப் பஞ்சமர் என்று சொல்லப்பட்டவருக்கு உள்ளே வாங்கு கிடையாது. வெளியே நிற்கவைத்து, அவர்களுக்கென்றே ஒதுக்கிய போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீர் ஊற்றினோம். குடிப்பவனின் காசு மட்டும் கல்லாப்பெட்டிக்குள் சரிசமமாக விழுந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. கடைக்காரர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சாதிக்கொடுமையை எதிர்த்தவர்கள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போய் அடி வாங்கினார்கள். அதன் பிறகு தேநீர்க்கடை தேநீர்க்கடையாகப் புகுந்து, வாங்கில் இருந்து, தேநீர் கேட்டார்கள். அதற்காகச் சனம் செத்திருக்கிறது. ஒரு தேநீருக்காக, இருந்து குடிப்பதற்காக. அந்த நாளில் கதிரையைக் காவல் காத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் உனவட்டுன விளம்பரத்தைப் பகிர்ந்து 'இனவெறி' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். போட்டுவிட்டு அடுத்த பயணத்துக்குப் பொன்னிறப் பட்டி எவ்வளவு என்று விசாரித்தார்கள்.

இதில் யாரும் எண்ணாத ஒருவன் மொன்றியல் சாப்பாட்டுக்கடைகளின் பின்வாசலில் நிற்கிறான். எண்பதுகளின் நடுவில் இந்த நகரத்துக்கு வந்திறங்கிய தமிழ்ப் பெடியளில் எத்தனையோ பேருக்குக் கிடைத்த முதல் வேலை கோப்பை கழுவுவதுதான். பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் அரைகுறை, கை இருக்கிறது, கழுவு. இப்போது விடுமுறைக்கு மேசை தேடுகிற பல கைகள் அந்தச் சவர்க்காரத் தண்ணீரில் வெடித்த கைகள். அவர்கள் விட்ட இடத்தில் இன்றைக்கு ஹெயிட்டிக்காரனோ பஞ்சாபி மாணவனோ, நேற்று வந்த இன்னொரு தமிழ்ப் பெடியனோ நிற்கிறான். 2025 மே 1 இல் கியூபெக்கின் அடிப்படைக் கூலி மணிக்கு 16.10 டொலர் ஆனது. முன்னால் பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் உண்டு. அந்த டிப்ஸைச் சமையலறையோடு பகிரும்படி முதலாளி கட்டாயப்படுத்த இங்கே சட்டம் விடாது. அது முன்னால் நிற்பவர்களின் மனசு. மனசு பெரும்பாலும் முன்னாலேயே நின்றுவிடும்.

எட்டுப் பேருக்குப் பதிந்துவிட்டு ஒருவருமே போகவில்லை என்று வையுங்கள். தண்டம் 80 டொலர். கோப்பை கழுவுகிறவனின் கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலக் கூலி. அன்றைக்குச் சனம் குறைவு என்று அவனை ஒன்பது மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மிச்ச மணித்தியாலங்களுக்குச் சம்பளமும் இல்லை. 80 டொலர் முதலாளியின் கணக்கில் ஏறும். அதை வசூலிக்கிற மென்பொருள்காரனுக்கும் ஒரு பங்கு போகும். அமைச்சர் ஐயா, உங்கள் விதியில் வெறும் கதிரைக்குக்கூட நட்டஈடு எழுதிவைத்திருக்கிறீர்கள். வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?